இல்லத்து ஒளிகள் பக்கத்தில் நீ இல்லை, சாந்தா

என் மாமன் பெற்ற மகளே, என் சாந்தா,

இதை எழுதுவது நான்தான். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது என்று நினைப்பாய். அப்படி இல்லை. என் கை, என் பேனா. காலையில் மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு உட்கார்ந்தேன். வெயில் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது, முதல் பக்கம் இன்னும் முடியவில்லை. லோடு லாரி மலையேறுகிற மாதிரி முதல் கியரிலேயே போய்க்கொண்டிருக்கிறேன். ஆனால் போகிறது பார், அதைச் சொல்.

நீ போன பிறகு நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு வைத்தார்கள். போனவர்கள் எல்லாம் பெண்கள். ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். “என்னாத்துக்கு மாமா இந்த வயசுல? கலெக்டர் ஆவப் போறியா?” என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். “பஸ் போர்டு படிக்கப் போறேன்டா” என்று சொன்னேன். உண்மையாகவே நான் முதலில் படித்தது பஸ் போர்டுதான். ஆனால் நம் ஊர்க்காரர்கள் பாப்பிரெட்டிப்பட்டி என்று ஏன் இவ்வளவு நீளமாகப் பெயர் வைத்தார்கள்? நான் பாதி படிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. கண்டக்டர் கையைக் காட்டுகிறான், நான் எழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அன்று வீட்டுக்கு நடந்தே வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

நீ இருக்கும்போதே ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்று எல்லாரும் கேட்கிறார்கள். பி.எஸ்சி. படித்த பெண்டாட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு கைநாட்டாகவே இருந்தாயே என்கிறார்கள். பட்டுப்புழுவுக்குச் சாயங்காலத் தழை போட்டு முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, நீ எனக்குப் பேப்பர் படித்துக் காட்டுவாயே. எனக்குப் படிக்கத் தெரிந்துவிட்டால் நீ நிறுத்திவிடுவாய் அல்லவா? அதனால்தான் கற்றுக்கொள்ளவில்லை. இதை ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். உனக்கு இது தெரிந்தே இருந்தது என்று நினைக்கிறேன். தெரிந்திருந்ததா?

சரி, சேதிக்கு வருகிறேன். நீ படித்த கருங்கல் காலேஜில் பழைய மாணவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், அதில் படித்தவர்கள் இன்றைக்கு என்னென்ன ஆனார்கள் என்று வாழ்க்கை வரலாறு. ஜட்ஜ் ஆனவர்களுக்கு ஒரு பக்கம், டாக்டர்களுக்கு ஒரு பக்கம், வாத்தியார்களுக்கு, என்ஜினீயர்களுக்கு, வெளிநாடு போனவர்களுக்கு என்று பிரித்துப் பிரித்துப் போட்டோவோடு. வேலையை நடத்தியது உன் செட்டு சம்பத்துதான். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று இப்போது சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறார். நல்ல மனுஷன்தான். உன் போட்டோ வாங்க வீட்டுக்கே வந்தார். மோர் குடித்தார், நன்றாக இருக்கிறது என்றார்.

குடித்துவிட்டுக் கேட்டார், “அம்மா எந்தப் பதவியில ஓய்வு பெத்தாங்க?”

“ஓய்வே பெறலீங்க. வேலை செஞ்சுக்கினே செத்துப் போனா.”

“என்ன வேலைங்க?”

“பட்டுப்புழு வளத்தா. இந்தச் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் இளம்புழு வளத்துக் குடுத்தா.”

“ஓ. அது விவசாயத்துல வரும். நிலம் யாரு பேர்லங்க?”

“என் பேர்ல.”

சம்பத்து யோசித்தார். “அப்ப விவசாயி நீங்கதானே? ஆனா நீங்க எங்க காலேஜ்ல படிக்கலியே.”

அவர் கணக்கு அப்படிப் போகிறது. படித்தவள் விவசாயி இல்லை, விவசாயி படிக்கவில்லை. இரண்டு பேரும் அந்தப் புத்தகத்தின் விவசாயப் பக்கத்துக்கு வெளியே. நான் இதை நினைத்து நினைத்து இரண்டு வேளை சோறு சாப்பிடாமல் இருந்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் சாப்பிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பசி அதிகம், உனக்குத் தெரியாததா.

அடுத்த வாரம் குமார் ஓசூரிலிருந்து வந்தான். புத்தகம் அச்சுக்குப் போகும் முன்னால் அந்தந்தக் குடும்பத்துக்குப் பக்கத்தைப் போனில் அனுப்பியிருந்தார்களாம். “அப்பா, அம்மா பேரு வந்திருக்கு பாரு” என்று போனை நீட்டினான். விரலால் பெரிதாக்கிக் காட்டினான். நானே படித்தேன். தலைப்பு, ‘இல்லத்து ஒளிகள்’. அதில் காலேஜில் படித்து உத்தியோகம் பார்க்காத பெண்கள் எல்லாரும் இருக்கிறார்கள். தாசில்தாரின் துணைவியார். என்ஜினீயரின் துணைவியார். மறைந்த ஜவுளி வணிகரின் துணைவியார். கீழே நீ. ‘சாந்தா முருகேசன். போக்குவரத்துத் தொழிலதிபரின் துணைவியார்.’

“யாருடா அது போக்குவரத்துத் தொழிலதிபர்?”

“நீதாம்ப்பா. லாரி டிரைவர்னு போட்டா நல்லா இருக்காதுன்னு சம்பத் சார் மாத்திட்டாரு.”

நான் வாழ்நாள் முழுக்க அடுத்தவன் லாரியை ஓட்டினேன். மாரண்டஹள்ளியிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு எத்தனை ஊர் போயிருக்கிறேன். ஒரு நாளும் அதற்காக வெட்கப்பட்டதில்லை. என்னைத் தொழிலதிபர் ஆக்கியதைக் கூட விட்டுவிடலாம், சிரித்துக்கொள்ளலாம். ஆனால் உன் பெயருக்கு நேராக, நீ என்ன செய்தாய் என்று எழுத வேண்டிய இடத்தில், என்னைத் தூக்கி வைத்திருக்கிறார்கள்.

“உங்கப்பன் உங்கம்மாவுக்கு உத்தியோகமாடா?” என்று கேட்டேன்.

“பேரு வந்தா போதாதாப்பா? இதை யாரு படிக்கப் போறாங்க?”

“நான் படிக்கிறேன்ல.”

போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். அம்மா பெயர் ஒரு புத்தகத்தில் வந்தால் பிள்ளைக்குப் பெருமை இருக்காதா? அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவன் அப்போது சின்னப் பிள்ளை, அவனுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்? உனக்கு அரசாங்க வேலைக்கு ஆர்டர் வந்தபோது புழு கடைசித் தீனியில் இருந்தது. மழை மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு தழை தின்னும் நேரம். கொஞ்ச நாள் கழித்து வந்து சேருகிறேன் என்று கேட்டுப் பார்த்தாய், முடியாது என்றார்கள். “இதுங்கள விட்டுட்டு எப்படிப் போறது?” என்று ஆர்டரை அலமாரியில் வைத்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு மல்பெரித் தோட்டத்துக்குப் போய்விட்டாய். உங்கள் அப்பா, என் மாமன், ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். அதை விட்டுக்கொடுத்ததாக நீ ஒரு நாளும் பேசியதில்லை. எனக்குப் பிடித்த வேலையை எடுத்துக்கொண்டேன் என்றுதான் பேசினாய்.

லாரியை நிறுத்திவிட்டு நான் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே மறிப்பாய். “வெரலை நீட்டு மாமா.” மோந்து பார்ப்பாய். பீடி வாசனை இருந்தால் புழு அறைப் பக்கம் போகவே விட மாட்டாய். புகையிலை பட்டால் புழு சுருண்டுவிடும். டாக்டர் சொல்லியும் விடாத பீடியைப் புழுவுக்காக விட்டேன். நம் வீட்டில் மிளகாய் வறுக்க மாட்டோம், சாம்பிராணி போட மாட்டோம், பண்டிகைக்கு வந்த சொந்தக்காரர்கள் இது என்ன வீடு என்று முணுமுணுப்பார்கள்.

கடத்தூர்ப் பக்கத்துக் கோவிந்தம்மா உன்னிடம் சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறதா? அவள் வளர்த்த புழுவில் பால் நோய் வந்து ஒவ்வொன்றாக ஊதி உடைந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னாய். தெருவில் நின்று கத்தினாள். “படிச்ச திமிரு! எம் புழுவ மண்ணுல போடச் சொல்ல நீ யாருடீ?”

“நான் யாருமில்லக்கா. பக்கத்து வூட்டுப் புழு சாவக் கூடாது, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு நீயே மண்வெட்டியை வாங்கிக் குழி வெட்டினாய். அடுத்த பயிருக்கு இளம்புழு கேட்டு முதல் ஆளாக வந்து நின்றவளும் அவள்தான்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ செத்த அன்றைக்கும் வீட்டில் புழு கடைசித் தீனியில் இருந்தது. உன்னை நடுவீட்டில் கிடத்தி, உன் அண்ணி தலைமாட்டில் ஊதுபத்தியைக் கொளுத்தப் போனாள். கோவிந்தம்மா பாய்ந்து வந்து பிடுங்கிவிட்டாள். “உள்ள புழு இருக்குது. புகை ஆவாது.” சாவு வீட்டில் பத்தி ஏற்றாமல் இருப்பார்களா, இது என்ன அநியாயம் என்று உன் அண்ணி ஆடித் தீர்த்தாள். “சாவு வூடுன்னு புழுவுக்குத் தெரியுமா? அவ எழுந்தா மொதல்ல ஒன்னத்தான் அடிப்பா” என்றாள் கோவிந்தம்மா. என்னைப் பார்த்தார்கள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். புகை இல்லாமல்தான், சாந்தா, உன்னை எடுத்தோம். அடுப்பு எரியாத வீட்டில் அன்று சாயங்காலம் புழுவுக்கு மட்டும் தழை போட்டார்கள். கோவிந்தம்மாவும் இன்னும் சில பெண்களும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார்கள். உன் காரியம் முடிவதற்குள் புழு பழுத்து, சந்திரிகைத் தட்டில் ஏறி, கூடு கட்டிவிட்டது. அவ்வளவு வெள்ளையான கூட்டை நான் பார்த்ததில்லை. இல்லை, கண் கலங்கி இருந்ததால் அப்படித் தெரிந்ததோ என்னவோ.

இப்படிப்பட்டவளைப் போக்குவரத்துத் தொழிலதிபரின் துணைவியார் என்று போட்டால் நான் சும்மா இருப்பேனா?

அந்தப் பக்கத்தில் இருந்த ‘மறைந்த ஜவுளி வணிகரின் துணைவியார்’ யார் என்று தெரிகிறதா? உன் ஜமீலாதான். உன் வகுப்பில் உன்னைத் தவிர இருந்த ஒரே பெண். தருமபுரியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முதலில் அவரும் குமார் மாதிரிதான் பேசினார்.

“விடுங்கண்ணா. எந்தப் பக்கத்துல வந்தா என்னா? பேரப்புள்ளைங்க பாத்துட்டு சந்தோஷப்படும்.”

“பக்கத்தோட தலைப்பு என்னான்னு பாத்தியாம்மா?”

“கண்ணாடி இல்லாம எங்க பாக்கறது. என்னா?”

படித்துக் காட்டினேன். நான் படிப்பதைப் பார்த்து முதலில் வாயைப் பிளந்தார். “அண்ணா, நீங்களா! சாந்தா இருந்திருந்தா ஊருக்கே பாயசம் வெச்சிருப்பா.” அப்புறம்தான் தலைப்பு காதில் ஏறியது. “ஒளியா? என்னை என்னா பல்புன்னு நெனச்சானா சம்பத்து? கடையில ஒக்காந்தவருதான் எங்க வூட்டுக்காரரு. ஈரோட்டுக்கு நடையா நடந்து துணி எடுத்தாந்தவ நானு. அவரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.”

அங்கேயே போன் போட்டார். “சம்பத்து, நான் ஜமீலா பேசறேன். எம் பேரை அந்தப் பக்கத்துல இருந்து எடு. சாந்தா பேரையும் எடு. அவங்க வூட்டுக்காரர் பக்கத்துலதான் இருக்காரு, அவரும் சொல்றாரு.”

நானும் போனை வாங்கிச் சொன்னேன். எடுத்துவிடுங்கள் என்று. சம்பத்து எவ்வளவோ கெஞ்சினார். வேறு பக்கம் இல்லை, அச்சுக்குப் போகிறது, இரண்டு பேரையும் எடுத்துவிட்டால் அந்த வருஷத்து விலங்கியலில் பெண்ணே இல்லாமல் போய்விடும் என்றார். போகட்டும் என்றேன். புத்தகம் வந்துவிட்டது. அதில் நீ இல்லை. குமார் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. “அம்மா பேரு இருந்தது, நீ அழிச்சிட்ட” என்றான். சொந்தக்காரர்கள் கிழவனுக்குப் படிப்பு வந்து புத்தி போய்விட்டது என்றார்கள். சொல்லட்டும். படிக்கத் தெரியாத வரைக்கும் யார் என்ன எழுதி நீட்டினாலும் பெருவிரலை வைத்துக்கொண்டிருந்தேன். இனிமேல் வைக்க மாட்டேன்.

புத்தகம் வெளியிடும் விழாவுக்கு ஜமீலா என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். கல்யாணத்துக்கு முன்னால் எத்தனை தடவை உன்னை லாரியில் கொண்டுவந்து அந்தக் காலேஜ் கேட்டில் இறக்கிவிட்டிருக்கிறேன். கேட் வரைக்கும்தான் எனக்குத் தெரியும். உள்ளே இவ்வளவு பெரிய புளியமரங்கள் இருப்பதை நீ சொன்னதே இல்லையே.

அங்கே ஒரு வழக்கம். ஒவ்வொருவராக மேடையேறி மைக்கில் பெயர், படித்த பிரிவு, எந்தப் பதவியில் ஓய்வு பெற்றார் என்று சொல்ல வேண்டும். பதவிக்குத் தக்கபடி கைதட்டல். ஜட்ஜுக்குக் கூரை அதிர்ந்தது. வாத்தியாருக்குப் பரவாயில்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் ஏறினார், பாவம், அவருக்கு நானும் ஜமீலாவும்தான் பலமாகத் தட்டினோம்.

ஜமீலா முறை வந்தது. “ஜமீலா. விலங்கியல். துணிக்கடை நடத்தினேன். ஓய்வெல்லாம் இல்ல, இன்னைக்கும் போயி ஒக்காந்தா மருமவன் எழுந்திரிச்சி எடம் விடுவாரு.” எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவர் இறங்கவில்லை. “எங்கூடப் படிச்சவ சாந்தா. அவ இல்ல. புத்தகத்துலயும் இல்ல. அவளுக்காக அவங்க வூட்டுக்காரரு வந்திருக்காரு. அண்ணா, மேல வாங்க.”

“அம்மா, நேரம் ஆவுதுங்க” என்று சம்பத்து மைக்குக்குக் கை நீட்டினார்.

“வரவேற்புன்னு சொல்லிட்டு நீ எவ்ளோ நேரம் பேசுன? நாங்க கேட்டுக்கினு ஒக்காரல?” என்று மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஏறினேன். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். நானே எழுதிக்கொண்டு போயிருந்தேன். உச்சியில் காற்றாடி சுற்றுகிறது, தாள் ஆடுகிறது, எழுத்து ஓடுகிறது. விரல் வைத்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. முதல் வரியிலேயே கீழிருந்து யாரோ, “பெரியவரே, கொஞ்சம் சீக்கிரம்” என்றார்.

“மெதுவாத்தாங்க வரும். இப்பத்தான் கத்துக்கினேன். இருங்க.”

இருந்தார்கள், சாந்தா. ஜட்ஜ், டாக்டர், கலெக்டர் எல்லாரும் உன் பெயரை நான் படித்து முடிக்கிற வரைக்கும் காத்துக்கொண்டு இருந்தார்கள். நான் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் மெதுவாகப் படித்தேன் என்று ஜமீலா சொல்கிறார். பொய். கொஞ்சம்தான்.

நான் படித்தது இதுதான்: ‘சாந்தா. விலங்கியல். இந்தக் காலேஜில் படித்த படிப்பை இவர் வீணாக்கவில்லை. பட்டுப்புழு வளர்த்தார். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் பட்டுக்கூடு விளைந்தாலும் அந்தப் புழு முதல் தழையை இவர் கையால் தின்றது. அரசாங்க வேலை வந்தது. போகவில்லை. இவரிடம் கற்றுக்கொண்ட பெண்கள் இன்றைக்கும் வளர்க்கிறார்கள்.’

என் பெயர் அதில் ஒரு இடத்திலும் இல்லை. தேடிப் பார்த்துத்தான் எழுதினேன்.

கைதட்டினார்களா என்று கேட்காதே. காது அடைத்துக்கொண்டது, ஒன்றும் கேட்கவில்லை. தாளோடு படியில் இறங்கினேன். கீழே குமார் நின்றுகொண்டிருந்தான். வர மாட்டேன் என்று சொன்னவன் எப்போது வந்தான் என்று தெரியவில்லை. கையைப் பிடித்து இறக்கிவிட்டான். அப்புறமும் கையை விடவில்லை.

சம்பத்து வேகமாக வந்தார். முகம் வேறு மாதிரி இருந்தது. “ஐயா, அந்தத் தாளைக் குடுங்க. திருப்பி அச்சடிக்கும்போது கட்டாயம் சேத்துடறோம்.”

“எந்தப் பக்கத்துலங்க?”

“பெண்கள் பக்கத்துலதான். தலைப்பை வேணும்னா மாத்திடறேன், நீங்களே ஒன்னு சொல்லுங்க.”

“வேலை செஞ்சவங்க பக்கத்துல போடுங்க.”

“அதுல எந்தப் பிரிவுலன்னு கமிட்டியில கேப்பாங்களே. நாங்க யோசிக்கணும்.”

“யோசிங்க” என்றேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். “யோசிச்சிட்டுப் பக்கம் எதுன்னு சொல்லுங்க. அப்பறமா தாளைத் தரேன்.”

இந்தக் கடிதத்தைச் சங்கத்துக்காரர்களும் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன். சம்பத்து மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டுக்கு வந்தால் மோர் உண்டு. தாள் கிடையாது.

சாந்தா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன்னை யார் பெயருக்குப் பின்னாலும் நிற்க வைக்க மாட்டேன், என் பெயருக்குப் பின்னாலும்தான். அவர்கள் உனக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிற வரைக்கும் வருஷா வருஷம் விழாவுக்குப் போவேன், மைக் கேட்பேன், மெதுவாகப் படிப்பேன். எனக்கு வயதாகிவிட்டது, அதுவும் தெரியும். அதனால் குமாரை உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். நான் இல்லாவிட்டால் நீ போய்க் கேட்க வேண்டும் என்று. “சரிப்பா, நான் கேக்கறேன்” என்றான். “எந்தப் பக்கம்னு கேக்கறேன்.”

இப்படிக்கு,
உன் அத்தை மகன்,
லாரி டிரைவர் முருகேசன்